வந்தாறுமூலையா, ஒலுவிலா? யூனிகோட் வரிசையை இடும் முறை

உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் வந்த கையோடு மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது: கிழக்குப் பல்கலைக்கழகமா, தென்கிழக்குப் பல்கலைக்கழகமா? கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் "உமக்கு எந்தக் கம்பஸ் வேண்டும்?" என்று எங்கும் கேட்பதில்லை. அது கேட்பது யூனிகோட்டை. ஒரு கற்கைநெறியும் அது நடக்கும் பல்கலைக்கழகமும் சேர்ந்தது ஒரு யூனிகோட்; மூன்று இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். சுருக்கமாகக் "கோட்" என்பார்கள். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது இரண்டு கம்பஸ்களை அல்ல. உங்களுக்குத் தகுதியுள்ள ஒவ்வொரு கற்கைநெறியும் இங்கே எப்படி, அங்கே எப்படி என்பதைத்தான்.

கீழே உள்ளவற்றைச் செய்து முடிக்க மூன்று மாலைப்பொழுது போதும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் இரவு நெட் கபேயில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல.

முதலில்: எது எங்கே இருக்கிறது

பெயரை வைத்து இடத்தை முடிவு செய்து ஏமாறுவோர் ஆண்டுதோறும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. அதன் பிரதான வளாகம் மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் ஏறத்தாழ 16 கிலோமீற்றர், செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில். ஆனால் அந்தப் பெயரின் கீழ் வருவது எல்லாம் வந்தாறுமூலையில் இல்லை:

- மருத்துவமும் தாதியியலும் நடக்கும் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில். நோயாளரோடு படிப்பது போதனா வைத்தியசாலையில்.
- இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை ஆகியவை கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில்.
- திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், நிலாவெளிப் பக்கம். சித்த மருத்துவம், தொடர்பாடல் கற்கை போன்றவை அங்கே. "கிழக்கு" என்ற பெயரைப் பார்த்து யூனிகோட்டைப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து போய்வரலாம் என்று நினைத்தவர்கள் 130 கிலோமீற்றருக்கு அப்பால் அறை தேட வேண்டி வரும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமானது. பிரதான வளாகம் ஒலுவிலில், கல்முனை – அக்கரைப்பற்று வீதியில். கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கை, பொறியியல், தொழில்நுட்பம் எல்லாம் அங்கே. பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில், காரைதீவிலிருந்து அம்பாறை போகும் வீதிப் பக்கம். விஞ்ஞானத்துக்குத் தெரிவாகி ஒலுவிலில் அறை எடுத்தவர் தினமும் காரைதீவுச் சந்தியில் பஸ் மாற வேண்டும்.

இரண்டிலும் உள்ளவை, ஒன்றில் மட்டும் உள்ளவை

உங்கள் உயர்தரப் பிரிவுக்குத் தகுதியான கற்கைநெறிகளை ஒரு கொப்பியில் எழுதி இரண்டு நிரலாகப் பிரியுங்கள். ஒன்றில் மட்டும் இருப்பவற்றுக்கு ஒப்பீடே தேவையில்லை. இந்த இரண்டு கம்பஸ்களில் விவசாயம் வேண்டுமென்றால் வந்தாறுமூலை, பொறியியல் வேண்டுமென்றால் ஒலுவில், மருத்துவம் மட்டக்களப்பு, அரபு மொழியும் இஸ்லாமியக் கற்கையும் தனிப் பீடமாக வேண்டுமென்றால் ஒலுவில். பொறியியல் போடுபவர்கள் ஒன்றை மட்டும் கேட்டறியுங்கள்: பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் எந்தத் துறைகளுக்கு, எந்த ஆண்டு மாணவர் வரை உள்ளது என்பதை. வெளிநாட்டு வேலைக்கு அதுதான் கேட்பார்கள்.

உண்மையான இழுபறி பெரும்பாலும் நடப்பது மூன்று இடங்களில்: கலை, முகாமைத்துவம் – வர்த்தகம், உயிரியல் – பௌதிக விஞ்ஞானம். (வந்தாறுமூலையில் இருப்பது வர்த்தக முகாமைத்துவ பீடம், ஒலுவிலில் இருப்பது முகாமைத்துவ வர்த்தக பீடம். பெயரைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.)

தெரிவு எப்படி நடக்கிறது

இதை விளங்கிக்கொள்ளாததால் வரும் நட்டந்தான் மிகப் பெரியது. ஆகவே சற்று மெதுவாக.

இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்து எடுப்பது. மூன்று பாடங்களின் சராசரி உங்கள் இசட் புள்ளி. நான்கு தசம தானம் வரை தருவார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் இல்லாமல் இதில் எதுவும் தொடங்காது.

கணினி உங்கள் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் கோடுக்கு உங்கள் புள்ளி போதுமா? போதாவிட்டால் அடுத்தது. போதும் என்ற இடத்தில் நிற்கும். கற்பனை எண்களில் பார்ப்போம். உங்கள் இசட் 1.0500. நீங்கள் போட்ட முதலாவது கோட்டின் வெட்டுப்புள்ளி (அதற்குத் தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த இசட்) 1.2100, இரண்டாவது 1.0300, மூன்றாவது 0.8900. கிடைப்பது இரண்டாவது. முதலாவதைப் போடாமலே விட்டிருந்தாலும் கிடைப்பது அதேதான். எட்டாத ஒன்றை முதலில் போட்டதால் ஒரு சதமும் குறையவில்லை. மாறாக, "இதுதான் கிடைக்கும்" என்று மூன்றாவதை முதலிடத்தில் போட்டிருந்தால் அதில் நின்றுவிடும். இரண்டாவது கையில் இருந்தும் போய்விடும்.

"முதல் தெரிவாகப் போட்டால்தான் தருவார்கள்", "ரெண்டாவதாப் போட்டா கழிச்சிருவாங்க" என்று ரியூட்டரியில் சொல்வதை அங்கேயே விட்டுவிடுங்கள். கிடைக்குமா என்ற கணக்கை வரிசைக்குள் கொண்டுவரக் கூடாது. விருப்பம் மட்டும் வரிசையைத் தீர்மானிக்கட்டும். கிடைக்குமா என்ற கணக்குக்கு ஒரே ஓர் இடம் உண்டு: பட்டியலின் அடியில் நிச்சயம் எட்டக்கூடிய கோடுகள் போதிய அளவு இருக்கின்றனவா என்று பார்ப்பது.

இசை, நடனம், நாடகம், கட்புலக் கலைக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்பு அல்லது செயன்முறைப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு எழுதாமல் கோடை மட்டும் போட்டால் அந்த வரி வெறும் மை.

வெட்டுப்புள்ளி அட்டவணையை வாசித்தல்

ஆணைக்குழுவின் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக இருக்கும். மூன்று ஆண்டுகளை இறக்கி, உங்கள் மாவட்ட நிரலை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிழை விடும் இடங்கள்:

முதலாவது, மாவட்டம். அது நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தை வைத்தே பெரும்பாலும் தீர்மானிக்கப்படும். கல்முனையில் வீடு, மட்டக்களப்பில் உயர்தரம் என்றிருப்பவர்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசித்துவிட்டு நிரலைத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டாவது, என்.கியூ.சி. என்ற மூன்றெழுத்து. அந்த மாவட்டத்தில் அதற்குத் தகுதியானவர் அந்த ஆண்டு இல்லை என்றே அது சொல்கிறது. "வெட்டுப்புள்ளி இல்லை, யாருக்கும் கிடைக்கும்" என்று வாசிப்பவர்களைப் பார்க்கலாம். அல்ல.

மூன்றாவது, வெட்டுப்புள்ளி உயர்வாக இருப்பதைத் தரமென்று எடுப்பது. அது சொல்வது எத்தனை பேர் அதைக் கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்பதை. இந்த இரண்டு கம்பஸ்களுக்கும் இடையில் ஒரே கற்கைநெறியின் வித்தியாசம் இரண்டாம் தசமத்தில் மட்டும் இருந்தால், அதில் படிப்பைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை.

பீடத்தைத் தோண்டிப் பார்த்தல்

ஆணைக்குழுவின் கைநூல் ஒரு கற்கைநெறிக்குக் கொஞ்ச இடந்தான் ஒதுக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தந்தப் பீடத்தின் மாணவர் கைநூல். பீடத் தளத்தில் பீடீஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் ஐந்து விடயங்களைத் தேடுங்கள்.

1. *சிறப்புப் பட்டத்துக்கான வாசல்.* பொதுப் பட்டம் மூன்று ஆண்டு, 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு, 120 கிரெடிட். உள்ளே நுழைந்த எல்லோருக்கும் நான்காம் ஆண்டு கிடையாது. எந்த ஆண்டு முடிவில் பிரிக்கிறார்கள், என்ன ஜிபிஏ (தரப்புள்ளிச் சராசரி), ஒரு துறைக்கு எத்தனை பேர், ரிப்பீட் எழுதியவருக்கு இடமுண்டா? பின்னால் முதுமாணி, விரிவுரையாளர் என்று யோசிப்பவருக்கு இந்த ஒரு பந்தி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. தகுதியுள்ளோர் பலர், இடம் பத்து என்ற துறையையும், தகுதி பெற்ற எல்லோரையும் எடுக்கும் துறையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

2. *பாடச் சேர்க்கை.* விஞ்ஞானத்தில் மூன்று பாடங்களைச் சேர்த்து எடுப்பீர்கள். எந்தச் சேர்க்கை அனுமதி என்பது இங்கே ஒன்று, அங்கே ஒன்று. வந்தாறுமூலையில் தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் என்று துறைகள் தனித்தனி. சம்மாந்துறையில் உயிரியல் விஞ்ஞானம் ஒரே துறையின் கீழ். விலங்கியலில் மட்டும் ஆழமாகப் போக நினைப்பவரும், உயிரியலோடு வேறொன்றைச் சேர்க்க நினைப்பவரும் இதே தகவலிலிருந்து எதிரெதிர் முடிவுக்கு வரலாம். கலையிலும் இப்படியே: இந்து நாகரிகம் போன்ற ஒரு பாடத்தைப் படிக்க வேண்டியவர் அது எங்கே உண்டு என்று இரண்டு கைநூலிலும் பார்க்கட்டும்.

3. *ஆளணி.* துறையின் பக்கத்தைத் திறந்து எண்ணுங்கள்: பேராசிரியர் எத்தனை, சிரேஷ்ட விரிவுரையாளர் எத்தனை, கல்வி விடுமுறையில் வெளிநாட்டில் இருப்போர் எத்தனை, தற்காலிகமானோர் எத்தனை. நிரந்தர ஆளணி நாலு பேராகவும் சிறப்புப் பாடம் பத்தாகவும் இருந்தால், கைநூலில் அச்சடித்த தெரிவுப் பாடங்கள் எல்லாம் வகுப்பறையில் நடக்கப்போவதில்லை. அண்மைய ஆண்டுகளில் விரிவுரையாளர்கள் நாட்டை விட்டுப் போனதால் பழைய கைநூலை நம்புவது ஆபத்து. துறை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பதில் வெட்கமில்லை.

4. *மொழிமூலம்.* விஞ்ஞானம், முகாமைத்துவம், பொறியியல், விவசாயம் ஆங்கிலத்தில். கலையில் பாடத்துக்குப் பாடம் மாறும். தமிழில் உயர்தரம் எழுதியவர் முதல் அரையாண்டில் சறுக்குவது பாடத்தில் அல்ல, விரிவுரைக் குறிப்பில். எந்தப் பீடம் முதலாண்டில் ஆங்கிலத்துக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்குகிறது, அந்தப் புள்ளி ஜிபிஏயில் சேருமா என்று பாருங்கள்.

5. *பயிற்சி.* முகாமைத்துவத்திலும் தொழில்நுட்பத்திலும் தொழில் பயிற்சிக் காலம் உண்டா, எத்தனை மாதம், இடத்தைப் பீடம் எடுத்துத் தருமா, மாணவரே தேட வேண்டுமா? கொழும்பில் ஆறு மாதம் என்றால் தங்கும் செலவையும் இப்போதே கணக்கில் போடுங்கள்.

இந்த ஐந்தையும் பார்த்த பிறகு, அந்தத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் இருவரிடம் பேசுங்கள். முதலாண்டு மாணவருக்குத் தெரிந்தது குறைவு; படித்து முடித்துப் பத்தாண்டு ஆனவர் சொல்வது வேறு கம்பஸைப் பற்றி. "நல்லமா?" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் வரும். "கடைசிப் பரீட்சை எழுதி எத்தனை மாதத்தில் பெறுபேறு வந்தது? உங்கள் பட்ச் அட்டவணையைவிட எத்தனை மாதம் பிந்தியிருக்கிறது? ஆய்வுகூடத்தில் ஓர் உபகரணத்துக்கு எத்தனை பேர்?" என்று கேளுங்கள். எண்ணில்தான் உண்மை வரும். இணையத்தில் உலவும் உலகத் தரவரிசை இந்தத் தெரிவுக்கு உதவாது; அது ஒரு துறையின் நான்காம் ஆண்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

தூரம், அறை, பணம்

மாவட்ட எல்லையை வைத்துத் தூரத்தை அளப்பது அடுத்த வழமையான தவறு. களுவாஞ்சிகுடி மட்டக்களப்பு மாவட்டந்தான். ஆனால் அங்கிருந்து வந்தாறுமூலை ஏறத்தாழ 43 கிலோமீற்றர், ஒலுவில் 30க்குள். செட்டிபாளையம், தேற்றாத்தீவு அளவில் சரிபாதி. அதற்குத் தெற்கே இருப்பவர்களுக்கு ஒலுவில்தான் கிட்ட. பெரியகல்லாறு, கல்முனைக்குச் சொல்லவே வேண்டாம். ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனைக்கு மறுபேச்சில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்கள் கிலோமீற்றரை விடுங்கள். பாதை, பாலம், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் கணக்கு.

தெற்கிலிருந்து வருபவருக்கு வந்தாறுமூலையில் இன்னொரு சிக்கல்: கல்முனைப் பக்கத்து பஸ்கள் பெரும்பாலும் மட்டக்களப்போடு நின்றுவிடும். இரண்டாவது பஸ் எடுக்க வேண்டும். காலை எட்டு மணி விரிவுரைக்கு இது தினமும் ஒரு மணித்தியாலத்தைத் தின்னும். ஒரு கிழமை நாளில் உண்மையிலேயே போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஒருவழிப் பயணம் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டினால் அறை எடுப்பதாகவே வைத்துக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலான பீடங்கள் 80 வீத வரவு கேட்கும்; கார்த்திகை, மார்கழி மழையில் அது எளிதில் கீழே போகும். காரைதீவு – மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் வீதிக்கு மேலால் பாய்ந்தால் சம்மாந்துறைக்குப் போக்குவரத்து நின்றுவிடும்.

விடுதியை இரண்டிலும் முதலாண்டுக்கும் இறுதியாண்டுக்கும் முதலில் கொடுப்பதே பொதுவான நடைமுறை. தூரமும் வருமானமும் பார்க்கப்படும். ஆக, நடு ஆண்டுகளுக்கு வெளியே அறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிட்ட இருக்கும் வீட்டாருக்கு விடுதி மறுக்கப்படுவதும் உண்டு. "மட்டக்களப்புப் பிள்ளை" என்று முகவரியில் இருந்தாலே அலுவலகம் கிட்ட என்று நினைக்கலாம். வாகரையிலிருந்தோ மண்டூரிலிருந்தோ வருபவர்கள் பயண நேரத்தைக் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

செலவுக்கு ஓர் எளிய அட்டவணை போதும். போய்வருவது: ஒருநாள் பஸ் காசு × 20 நாள், அதோடு மதியச் சாப்பாட்டுப் பார்சல். தங்குவது: அறையில் உங்கள் பங்கு, மின்சாரம் – தண்ணீர் தனியாகவா சேர்த்தா, மூன்று நேரச் சாப்பாடு, வாரக் கடைசிப் பயணம். இரண்டுக்கும் பொதுவாக டேட்டா, போட்டோகொப்பி. அறைக்கு முற்பணம் எத்தனை மாதம் என்று கேட்க மறப்பவர் பலர்.

மகாபொல புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி எனும் மாணவர் உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. எந்தக் கம்பஸ் போனாலும் தொகை ஒன்றே; ஆகவே தெரிவில் இதற்கு வேலையில்லை. ஆனால் முதல் தவணை பதிவு செய்து பல மாதம் கழித்தே கைக்கு வரும். அதை நம்பி வாடகை பேசாமல், முதல் ஆறு மாதச் செலவை வேறாக ஒதுக்கி வையுங்கள்.

"அது அவங்கட கம்பஸ்"

வீட்டில் வாய்விட்டுச் சொல்லாமல் வரிசையை மாற்றும் காரணம் இதுதான். ஆகவே சொல்லிவிடுவோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போர்க்காலத்தில் வந்தாறுமூலைக்குப் போகமுடியாமல் போன முஸ்லிம் மாணவர்களின் நெருக்கடியிலிருந்து பிறந்தது. அந்த வரலாறு இரு பக்கத்தாருக்கும் நினைவிருக்கிறது. இன்று இரண்டு வளாகத்திலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் படிக்கிறார்கள். யூனிகோட் எந்த மாவட்டத்துக்கும் திறந்தது. பிள்ளை விரும்பும் துறை அங்கேதான் வலுவாக இருக்கிறது என்றால், வீட்டாரின் தயக்கத்துக்குக் கேட்டுப் பார்க்கக்கூடிய பதில்கள் உள்ளன: அறை எங்கே, உணவு என்ன, வெள்ளி மதியத்திலும் பண்டிகை நாளிலும் விரிவுரை அட்டவணை எப்படி, கோயில் அல்லது பள்ளிவாசல் எவ்வளவு தூரம். இவற்றுக்கு விடை கிடைத்த பிறகும் பிள்ளைக்கே மனம் வரவில்லை என்றால் அதுவும் ஒரு நியாயமான காரணம். வரிசையில் கீழே வையுங்கள். ஆனால் பெரியப்பா சொன்னார் என்பதற்காக அல்ல.

பகிடிவதை பற்றியும் கேட்பார்கள். 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம், இரண்டு இடத்திலும். பீடத்துக்குப் பீடம் நிலைமை வேறு. இதையும் அந்த மூன்றாம் ஆண்டு மாணவரிடமே கேளுங்கள், தனியாக.

வரிசையை எழுதுதல்

களுவாஞ்சிகுடியில் ஒரு மாணவி, பௌதிக விஞ்ஞானத்துக்குத் தகுதி, கணிதத்தில் சிறப்புப் பட்டம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கைநூல்களைப் பார்த்ததில் ஒன்றில் சிறப்புக்கு இடம் கூட, மற்றது வீட்டுக்குக் கிட்ட. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் கிடைத்தால் போவாள் என்றால் அவை முதலில், எட்டாது என்று தெரிந்தாலும். அடுத்து சிறப்புக்கு வசதியான கம்பஸ், அடுத்து கிட்டவுள்ள கம்பஸ். அதன் பிறகே வேறு கற்கைநெறிகள். போகவே மாட்டேன் என்ற கோடு எதையும் போடக் கூடாது. கிடைத்தால் மறுத்துவிடலாம் என்று நினைத்து இடத்தை நிரப்புவதுதான் பின்னால் அழவைப்பது.

அனுப்பமுன் ஒருவர் கைநூலைப் பிடித்துக் கோடை வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். கடைசி எழுத்து ஒன்று மாறினால் பல்கலைக்கழகமே மாறிவிடும். கணினி அதைப் பிழையென்று சொல்லாது. அனுப்பியதும் பீடீஎஃபைச் சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்து வையுங்கள். கடவுச்சொல்லை நெட் கபே அண்ணனிடம் விட்டுவிட்டு வராதீர்கள். பதிவு செய்யும் அறிவித்தலும் அதே கணக்குக்குத்தான் வரும்.

வெட்டுப்புள்ளி வந்து ஓர் இடம் கிடைத்தால், குறித்த நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் அது போய்விடும். பதிவு செய்துவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பது சிக்கலாகும். மீண்டும் பரீட்சை எழுத நினைப்பவர்கள் இந்த நிபந்தனையைக் கைநூலில் வாசித்த பிறகே பதிவு பொத்தானைத் தொடுங்கள். "இப்ப ஒலுவிலுக்குப் போவம், பிறகு வந்தாறுமூலைக்கு மாத்துவம்" என்ற திட்டத்தை நம்பி இறங்க வேண்டாம். கம்பஸ் மாற்றம் அரிதாகவே கைகூடும்.

பதிவுக்கும் மகாபொல, பேர்சரிக்கும் வேண்டிய தாள்களில் பிந்துவது ஒன்றுதான்: பெற்றோர் வருமானத்துக்குக் கிராம சேவகர் தரும் சான்று, அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். கடற்றொழிலும் வயலும் செய்யும் குடும்பங்களில் வருமானத்தைக் கேட்ட இடத்திலேயே ஆளுக்கொரு தொகை சொல்லி, படிவத்துக்குப் படிவம் எண் மாறிப்போய்த் திருப்பி அனுப்பப்படுவது வழக்கம். ஒரு தொகையை எழுதி வைத்து எல்லாப் படிவத்திலும் அதையே போடுங்கள். கிராம சேவகரின் அலுவலக நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.